ஏற்றினால் மட்டும் போதுமா?

சுதந்திர தினத்தன்று மொட்டை மாடியில் ஆசை ஆசையாய்க் கொடி ஏற்றினோம். மறுநாளிலிருந்து மழை. நாலு நாள் கழித்துத் துணி உலர்த்தப் போனால், கொடி ஓரம் கிழிந்து தொங்கிக் கொண்டிருந்தது. 'சரி, அடுப்படியில் துடைக்க ஆகும்' என்று கழற்றி வந்தேன். மாமியார் பதறிப் போனார். "அதைக் கீழே விடக்கூடாதுன்னுதானேம்மா திருப்பூர்க் குமரன் உயிரையே விட்டார்!"

சுருக்கென்றது. 1932 ஜனவரியில், 27 வயதில், போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தும் கொடியை விடாதவராயிற்றே!

2002 ஜனவரி 26 முதல் நம் வீட்டில் எந்த நாளும் தேசியக் கொடி ஏற்றலாம். ஆனால் சகோதரிகளே, காவி மேலே இருக்க வேண்டும், தரையில் படக்கூடாது. கிழிந்ததைப் பறக்கவிடாமல், தனி இடத்தில் மரியாதையாக, முழுசாக எரித்துவிட வேண்டும். நல்ல கொடியென்றால், காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, இரு பக்கமும் உள்ளே மடியுங்கள். சக்கரம் மேலே தெரியும். பட்டுப் புடவை மாதிரி பீரோவில் வையுங்கள்.

அன்று மாலை கொல்லையில் கொடியை எரித்தபோது சின்னவன் கேட்டான்: "குமரன்னா யாரும்மா?"

கொடி ஏற்றிய அன்று கேட்காத கேள்வி!