“இந்த வயசுல மண்டையில ஏறுமா?” – ஏறும்!

(குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம். இரண்டு ஈர்க்குச்சி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சோதனை இருக்கிறது.)



எந்தக் குழுவுக்குப் போனாலும் இரண்டு பேச்சு காதில் விழும். ஒன்று: “கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டேன், அதுவே பெரிசு. இனிமே எழுத்துக்கூட்டிப் படிக்கிறதெல்லாம் மண்டையில ஏறாது.” இன்னொன்று: “குழந்தைக்குக் கண்ணு லேசா மாறியிருக்கு. வளர்ந்தா தானா சரியாயிரும்.”

இரண்டுமே தப்பு. முதல் விஷயத்தில் காலம் கடந்துவிட்டது என்று நினைக்கிறோம், கடக்கவில்லை. இரண்டாவது விஷயத்தில் காலம் நிறைய இருக்கிறது என்று நினைக்கிறோம், இல்லை. ஏன் அப்படி? அதற்கு நம் மூளை எப்படிப் பார்க்கிறது, கேட்கிறது, கற்றுக்கொள்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளைக்குள் என்ன இருக்கிறது?

நம் மூளையின் எடை சுமார் ஒன்றே கால் முதல் ஒன்றரை கிலோ. அதற்குள் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. இவற்றுக்கு நியூரான் என்று பெயர். ஒரு சின்னச் செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் கிளை, நடுவில் தண்டு, இன்னொரு பக்கம் வேர். நியூரானும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். கிளைகள் வழியாகச் செய்தி வாங்கும், தண்டு வழியாக அனுப்பும், நுனியிலிருந்து அடுத்த நியூரானுக்குக் கொடுக்கும்.

தண்டுக்குள் செய்தி ஓடுவது மின்சாரத் துடிப்பாக. ஆனால் ஒரு நியூரானும் அடுத்த நியூரானும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி உண்டு. அங்கே ஒருவகை ரசாயனம் சுரந்து செய்தியை அக்கரை சேர்க்கும். நாம் கற்றுக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோசைக்கல்லில் விரல் பட்டால்

சூடான கல்லில் விரல் பட்டவுடனே கை தானாகப் பின்னால் வருகிறது. “சுடுது” என்று நமக்குத் தெரிவது அதற்குப் பிறகுதான். காரணம், கையை இழுக்கச் சொல்லும் உத்தரவு மூளையிலிருந்து வருவதில்லை. முதுகுத் தண்டிலேயே பிறந்து திரும்பி வந்துவிடுகிறது. ஆபத்து நேரத்தில் மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்க முடியுமா?

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். முதலில் ‘சுரீர்’ என்று ஒரு வலி. கொஞ்சம் கழித்து நின்று எரியும் இன்னொரு வலி. இரண்டும் வேறு வேறு நரம்பில் வருகின்றன. முதல் வலியைக் கொண்டுவரும் நரம்பு வேகமானது. இரண்டாவதில் செய்தி வினாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில்தான் நகரும். நாம் நடக்கிற வேகம்தான்!

சரி, சுடுகிறதா, வெதுவெதுப்பா என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? நியூரானின் துடிப்பில் பெரியது, சின்னது கிடையாது. துடித்தால் முழுத் துடிப்பு, இல்லையென்றால் ஒன்றுமில்லை. சூடு கூடக்கூட வினாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற எண்ணிக்கைதான் கூடும். அவசரம் என்றால் கதவை விடாமல் தட்டுகிறோமே, அதுபோல. இப்படி எண்ணிக்கையில்தான் உணர்வின் அளவு போகிறது என்று 1920-களில் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் எட்கர் ஏட்ரியன். அவருக்கு 1932-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே செய்தி மாறாமல் வந்துகொண்டே இருந்தால் நரம்பு சலித்துப்போய் தட்டுவதைக் குறைத்துவிடும். அதனால்தான் கையில் கிடக்கும் வளையல் நாள் முழுக்க நமக்குத் தெரிவதில்லை. கருவாட்டுக் கடைக்காரருக்கு வாடை தெரிவதில்லை. மூளைக்கு மாற்றம்தான் செய்தி.

ஈர்க்குச்சி சோதனை

இப்போது ஈர்க்குச்சிகளை எடுங்கள். இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் இரண்டு குச்சி முனைகளையும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் பிடித்து, விரல் நுனியில் ஒரே நேரத்தில் மெதுவாக வைக்க வேண்டும். “ஒண்ணா, ரெண்டா?” என்று கேளுங்கள். சரியாக “ரெண்டு” என்பார். அதே இடைவெளியில் முதுகில் வையுங்கள். “ஒண்ணு” என்பார்!

விரல் நுனியில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியே தெரிந்துவிடும். முதுகில் 3, 4 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால்தான் இரண்டு என்று தெரியும். விரல் நுனியில் உணர்வு நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. மூளையிலும் விரலுக்கு ஒதுக்கிய இடம் மிகப் பெரியது, முதுகுக்குச் சின்னது. மாவு பதத்தை விரலால் தொட்டுச் சொல்கிறோம், துணியைத் தேய்த்துப் பார்த்துத் தரம் சொல்கிறோம். படிக்காதவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் சகோதரியின் மூளை, அந்த விரல் நுனியில் எவ்வளவு படித்திருக்கிறது பாருங்கள்.

நியூரானும் நம் குழுக் கூட்டமும்

குழுவில் ஒரு சகோதரி கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிலர் “கொடுக்கலாம்” என்கிறார்கள். சிலர் “வேண்டாம், பழைய தவணையே நிக்குது” என்கிறார்கள். எல்லோர் சொல்லுக்கும் ஒரே மதிப்பு இருக்காது. கணக்கு தெரிந்தவர் சொன்னால் கூடுதல் மதிப்பு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, போதுமான ஆதரவு இருந்தால் தீர்மானம் போடுகிறோம்.

ஒரு நியூரானும் இதைத்தான் செய்கிறது. ஆயிரக்கணக்கான நியூரான்களிடமிருந்து அதற்குச் செய்தி வருகிறது. சில “துடி” என்கின்றன, சில “சும்மா இரு” என்கின்றன. கூட்டிப் பார்த்து, ஓர் அளவைத் தாண்டினால் துடிக்கும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும்.

அப்படியானால் கற்றுக்கொள்வது என்பது என்ன? யார் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பது மாறுவதுதான். ஒருவர் சொன்னது திரும்பத் திரும்பச் சரியாக இருந்தால் அடுத்த முறை அவர் சொல்லுக்கு மதிப்பு கூடும். சேர்ந்து வேலை செய்யும் நியூரான்களுக்கு இடையே இணைப்பு பலப்படும் என்று 1949-லேயே கனடாவின் டொனால்ட் ஹெப் எழுதினார். வயல் நடுவே ஆள் நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை விழுகிறது அல்லவா? நடக்காமல் விட்டால் புல் மூடிவிடும். அதுபோலத்தான்.

இந்தக் கணக்கைப் பார்த்து மெஷினும் செய்திருக்கிறார்கள். 1943-ல் அமெரிக்காவில் மெக்கல்லக், பிட்ஸ் என்ற இருவர் நியூரானின் கூட்டல் கணக்கை எழுதிக் காட்டினார்கள். தப்பு செய்தால் மதிப்புகளைத் திருத்திக்கொள்ளும் மாதிரியை 1958-ல் ரோசன்பிளாட் என்பவர் வெளியிட்டார். அந்த வழியில் வளர்ந்து வந்ததுதான், இன்று நாம் செல்போனில் தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதி. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட ஹாப்ஃபீல்ட், ஹிண்டன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மெஷினும் லட்சக்கணக்கான தடவை தப்பாகச் சொல்லி, திருத்தி, திருத்தித்தான் கற்றது. கரும்பலகை முன்னால் “தப்பா எழுதிட்டா சிரிப்பாங்க” என்று நாம் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்? தப்பும் திருத்தமும் இல்லாமல் மெஷினே படிப்பதில்லை.

சேமிப்பு போல, கொஞ்சம் கொஞ்சமாக

எரிக் கேண்டல் என்ற விஞ்ஞானி கடல் நத்தை ஒன்றை வைத்துப் பல வருடம் ஆராய்ச்சி செய்தார். அதன் நியூரான்கள் பெரியவை, எண்ணிக்கையில் குறைவு. அதனால் பார்ப்பது சுலபம். நத்தையை லேசாகத் தொட்டால் உடம்பைச் சுருக்கிக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால், “இதனால ஆபத்து இல்லை” என்று கற்றுக்கொண்டு சுருக்குவதைக் குறைத்துவிடும். ஒரே மூச்சில் 40 முறை தொட்டபோது அந்தப் பாடம் ஒரு நாள்தான் நின்றது. அதே 40 முறையை தினம் 10 வீதம் நாலு நாளாகப் பிரித்துத் தொட்டபோது வாரக்கணக்கில் நின்றது!

உழைப்பு ஒன்றுதான், பிரித்துக் கொடுத்ததுதான் வித்தியாசம். நீண்ட நாள் நிற்கும் பாடத்தில் நியூரான்களின் இணைப்புகளின் எண்ணிக்கையே மாறிவிடுகிறது என்பதையும் கேண்டல் குழுவினர் காட்டினார்கள். அவருக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இது நமக்குப் புதுசா? ஒரே நாளில் ஆயிரம் ரூபாய் எடுத்து வை என்றால் முடியாது. வாராவாரம் சேமித்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். படிப்பும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்வதைவிட, தினம் கால் மணி நேரம் மேல். படித்துவிட்டு நன்றாகத் தூங்கவும் வேண்டும். பகலில் கற்றதை மூளை உறுதிப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

லக்னோ பக்கத்துக் கிராமத்தில்

“நத்தை சரி, நாப்பது வயசு மனுஷிக்கு?” என்று நீங்கள் கேட்பது புரிகிறது. உத்தரப் பிரதேசத்தில் லக்னோ அருகே உள்ள கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். பெரும்பாலும் பெண்கள், பலர் முப்பது வயதை ஒட்டியவர்கள். 21 பேருக்கு ஆறு மாதம் இந்தி எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்பது பேருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்னும் பின்னும் எல்லோருடைய மூளையையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள்.

ஆறு மாதத்தில் அவர்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அளவுக்குப் படித்தார்கள். மூளையின் மேல்பகுதி மட்டுமல்ல, பார்வையையும் கவனத்தையும் ஒழுங்குபடுத்தும் ஆழமான பகுதிகளின் வேலையும் மாறியிருந்தது. அவை மேல்பகுதியோடு முன்பைவிட நெருக்கமாக ஒத்துழைத்தன. ஒத்துழைப்பு கூடியவர்களுக்குப் படிப்பும் நன்றாக வந்திருந்தது. நம்மைப் போல வயல் வேலை, அடுப்பு வேலை பார்க்கும் பெண்களின் மூளைதான் அது.

ஆனால் குழந்தையின் கண் காத்திருக்காது

கண் என்பது கேமரா மாதிரி. படம் எடுக்கும், அவ்வளவுதான். அது என்ன என்று புரிந்துகொள்வது மூளை. குழந்தையின் மூளை அதைக் கற்பது முதல் சில வருடங்களில். அந்தச் சமயத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான செய்தி வராவிட்டால், அந்தக் கண்ணுக்கான இணைப்பு பலவீனமாகி, இடத்தை மற்ற கண் பிடித்துக்கொள்ளும். ஹியூபல், வீசல் என்ற இருவர் 1960-களில் பூனைக்குட்டிகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது.

டெல்லியில் ‘பிரகாஷ்’ என்ற திட்டத்தில், பிறவியிலேயே கண்புரையால் பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்து வருகிறார்கள். பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கியது. 8 முதல் 17 வயதுக்குள் ஆபரேஷன் ஆன ஐந்து பிள்ளைகளைப் பற்றி 2011-ல் எழுதினார்கள். கையால் தடவித் தெரிந்துகொண்ட கட்டையை, கண்ணால் பார்த்து “இதுதான் அது” என்று அவர்களால் முதலில் சொல்ல முடியவில்லை. கண் திறந்தும் மூளைக்குப் பார்க்கத் தெரியவில்லை. பிறகு சோதித்துப் பார்த்த பிள்ளைகள் சில நாட்களிலேயே அதைக் கற்கத் தொடங்கினார்கள். பெரிய பிள்ளையானாலும் வைத்தியம் பலன் தரும் என்பது இதில் ஆறுதல். ஆனாலும் தாமதத்தால் போன கூர்மை முழுசாகத் திரும்புவது கஷ்டம். பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களிலேயே கவனிப்பது நல்லது.

இவற்றைப் பார்த்தால் தள்ளிப்போடாதீர்கள்:

- கண்ணின் கருமணியில் வெள்ளையாகத் தெரிவது. போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலும் உடனே காட்ட வேண்டும். கண்புரையாக இருக்கலாம், கண்ணில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம்.
- மாறுகண். “அதிர்ஷ்டம்” என்று விட்டுவிடாதீர்கள். மாறிய கண்ணை மூளை மெல்ல ஒதுக்கிவிடும்.
- மூன்று மாதம் ஆகியும் அம்மா முகத்தைப் பார்க்காமல், நகரும் பொருளைக் கண்ணால் தொடராமல் இருப்பது.

அங்கன்வாடிக்கு வரும் தேசிய சிறார் நலத் திட்ட டாக்டரிடம் காட்டலாம். கருமணியில் வெள்ளை தெரிந்தால் அவர் வரும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனை கண் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அடுத்த கூட்டத்தில்…

1. நம் குழுவில் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆசைப்படும் சகோதரிகள் யார் யார்? பெயர் எழுதுங்கள். 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட மையம் ஊரில் நடக்கிறதா என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள்.
2. மையம் இல்லாவிட்டால், படித்த உறுப்பினர் ஒருவர் இரண்டு பேருக்குப் பொறுப்பேற்கலாமா? தினம் கால் மணி நேரம் போதும். பாஸ் புத்தகமே முதல் பாடப் புத்தகமாக இருக்கட்டும்.
3. உறுப்பினர்கள் வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? எல்லோருக்கும் கண் பார்த்தாகிவிட்டதா?

மூன்றையும் தீர்மான நோட்டில் எழுதுங்கள். என்ன முடிவு எடுத்தீர்கள் என்று கூட்டமைப்புக்குத் தெரிவியுங்கள்.