பூவுக்குப் பேர், வானத்துக்கு வேலை

தென் ஸ்பெயினின் கோர்தோபா நகரத்து விமான நிலையத்தில் 2021 ஆகஸ்ட் 14 அன்று பதிவான வெப்பம் 46.9 டிகிரி செல்சியஸ். அந்த வெயிலில் தெருவின் சுண்ணாம்புச் சுவர்களை ஏறிட்டுப் பார்க்க முடியாது. பழைய வீடு ஒன்றின் இரும்புக் கிராதியைத் தாண்டி நடுமுற்றத்தில் கால் வைத்தால் வேறு ஊர். இப்படிப்பட்ட அண்டலூசிய முற்றங்களை அளந்த செவில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொளுத்தும் நாளில் வெளியைவிட 10 டிகிரிக்கும் மேல் குறைவு என்று கண்டிருக்கிறார்கள்.

'பாத்தியோ' எனப்படும் அந்த முற்றத்தின் சுவரெல்லாம் பூந்தொட்டி. பார்க்க வருபவர்கள் குளிர்ச்சியையும் பூவின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். என் முதல் நன்றி இரவு வானத்துக்கு. மேகமில்லாத வறண்ட இரவில் தரையும் சுவரும் பகல் சூட்டை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்பிவிடும். குளிர்ந்த காற்று கனம் கூடி, கிணற்றில் இறங்குவதுபோல் முற்றத்தில் இறங்கித் தங்கும். தடித்த சுவர்கள் அந்தக் குளிர்ச்சியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். காலை வெயிலை உயரமான சுவர்களே மறித்துவிடும். உச்சி வெயிலுக்கு 'தோல்தோ' என்ற துணிப்பந்தலை மேலே இழுத்துவிடுவார்கள். இரவில் அதைத் திறக்க மறந்தால் போச்சு, சூடு உள்ளேயே கிடக்கும்.

அடுத்தது தண்ணீர். எட்டாத தொட்டிகளுக்கு நீண்ட கழியின் நுனியில் தகரக் குவளையைக் கட்டி ஊற்றுகிறார்கள். 10 லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலாக ஓடி வெளியேற்றும் அளவு. காற்று வறண்டிருந்தால்தான் இது நடக்கும். கடலோர ஈரக்காற்றில் பலன் குறைவு.

செடிகளில் பல வந்தேறிகள். ஜெரேனியம் தென்னாப்பிரிக்கா, காகிதப்பூ தென்னமெரிக்கா. கசப்பு ஆரஞ்சை அரபுகள் கொண்டுவந்தார்கள். ஸ்பானிய 'நரான்ஹா' அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் வழியாக வந்த சொல். அதன் வேர் திராவிடமாக இருக்கலாம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நம் நாரத்தை அதற்கு உறவு.

1921இல் தொடங்கிய கோர்தோபா முற்றப் போட்டி மே மாதத்தில் விழாவாக நடக்கிறது. 2012இல் அந்த விழாவுக்கு யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது. ஆகஸ்டில் நடுவர் யாரும் வருவதில்லை. பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரர்கள் பந்தல் கயிற்றை அவிழ்த்துத் துணியைச் சுருட்டுகிறார்கள்.