விசைச் சம்மட்டியும் சங்கத்தின் பொறுப்பும்

கொழு, மண்வெட்டி, கடப்பாரை முதலிய கருவிகளை அடித்து உருவாக்கும் தொழிலில் தேகசிரமம் அதிகமாக உள்ளது சம்மட்டி அடிப்பவருக்கே. அச்சிரமத்தைப் போக்க வந்தது விசைச் சம்மட்டியாகும். ஸ்காட்லாந்து தேசத்தவரான ஜேம்ஸ் நாஸ்மித் என்பவர் நீராவிச் சம்மட்டியின் படத்தை 1839ஆம் வருஷத்தில் வரைந்து, 1842ல் அதற்குப் பேடென்டு உரிமை பெற்றார். சிறு பட்டறைகளுக்கு ஏற்றது, மோட்டாரால் சுழலும் கனத்த சக்கரமும் பெல்ட்டும் வில்லும் கொண்டு, காலால் மிதிக்க அடிக்கும் சம்மட்டியாம். கொல்லர்கள் சங்கமாகக் கூடி இத்தகைய யந்திரத்தை வாங்கினால் அஃது அனைவருக்கும் உடைமையாகிறது. அனைவருக்கும் உடைமையானதை ஒருவரும் கவனியாதிருப்பது உலக வழக்கம். இங்கே அவ்வழக்கத்திற்கு விலையாவது கைவிரல்கள்.

நின்ற யந்திரமும் அபாயமானதே

ஓடும் யந்திரத்திற்கு அஞ்சுபவரும் நின்ற யந்திரத்திற்கு அஞ்சுவதில்லை. மோட்டாரை நிறுத்திய பின்னும் கனத்த சக்கரம் சற்று நேரம் சுழன்றுகொண்டேயிருக்கும். அச்சமயம் ஒருவர் அச்சுக் கட்டையை மாற்றக் கையை நுழைத்திருக்க, மற்றொருவர் கால் தவறி மிதியின்மீது பட்டால் சம்மட்டி இறங்கிவிடும். ஆகையால் பழுது பார்க்குமுன் மூன்று காரியங்களை வரிசையாகச் செய்தல் வேண்டும். முதலாவது, மின்சார ஸ்விட்சை நிறுத்திப் பூட்டி, சாவியைப் பழுது பார்ப்பவரே வைத்துக்கொள்ளுதல். இரண்டாவது, சக்கரம் முற்றிலும் நிற்கும்வரை காத்திருத்தல். மூன்றாவது, தூக்கி நிற்கும் சம்மட்டித் தலையின் கீழ் உறுதியான கட்டையை முட்டுக் கொடுத்தல். மிதியின்மேல் இரும்புக் கூடு ஒன்று அமைத்துவிட்டால், தவறி விழும் பொருளாலும் அது அமுங்காது.

இரும்பின் நிறமறிதல்

மிருதுவான இரும்பு 1,100 முதல் 1,200 டிகிரி சென்டிகிரேடு வரையில் மஞ்சள் நிறங்கொண்டு நன்கு இளகும். மங்கிய சிவப்பை அடைந்ததும் அடிப்பதை நிறுத்தி மீண்டும் உலையிலிட வேண்டும். ஏறத்தாழ 300 டிகிரியில், நீலம் படரும் நிலையில், இரும்பு முறியுந் தன்மை கொள்ளும். அப்பொழுது அடித்தால் துண்டு தெறித்துக் கண்ணைக் கெடுக்கலாம். லாரியின் பழைய வில்பட்டையில் அரிவாள் செய்வோர், அவ்வுருக்கு மிருதுவான இரும்பைவிடக் குறைந்த உஷ்ணத்திலேயே கருகிப்போகும் என்பதை மறத்தலாகாது. இருபுறமும் அடைபட்ட குழாயை உலையிலிடுதல் கூடாது. உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து அது வெடிக்கும்.

தினசரிப் பராமரிப்பு

அச்சுக் கட்டைகளை இறுக்கும் ஆப்புகள் அடியின் அதிர்ச்சியால் தளரும். காலையில் வேலை தொடங்குமுன்னும் நடுவிலும் அவற்றைப் பார்த்து இறுக்குதல் அவசியம். தலை விரிந்த ஆப்பைத் தேய்த்துச் சீராக்காவிடில் அதன் விளிம்பு சில்லாகப் பறக்கும். குளிர்ந்த கட்டைகள் அடி தாங்காமல் வெடிக்கக்கூடுமாதலால், காய்ந்த இரும்பை அவற்றிடையே சிறிது நேரம் வைத்து இளஞ்சூடேற்ற வேண்டும். நடுவில் இரும்பு இல்லாமல் வெறுங்கட்டையை அடிக்கவிடலாகாது. அஸ்திவார ஆணிகள், வில், பெல்ட், எண்ணெய்க் குழிகள் ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் சோதிப்பது நலம்.

வேலை செய்வோர்

குறட்டின் பிடியை வயிற்றுக்கு நேரே வைத்தல் தகாது. தேகத்தின் பக்கவாட்டில் பிடித்தால் அது உதைத்தாலும் காயம் நேராது. இரும்பின் கனத்திற்கேற்ற குறட்டையே எடுக்க வேண்டும். தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக் கையும் பெல்ட்டில் சிக்கும். கண்ணாடியும் தோல் ஜோடும் காதடைப்பும் அவசியம். ஓயாத சம்மட்டி ஓசையால் போன செவிப்புலன் திரும்பி வராது. தீக்காயம் பட்டால் மையோ நெய்யோ தடவாமல், குளிர்ந்த நீரை 20 நிமிஷம் அதன்மேல் ஓடவிட்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், விசையைக்கொண்டு 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்த இடங்களில் சுழலும் பாகங்களுக்கு வேலியிடக் கட்டளையிட்டது. நால்வர் உழைக்கும் பட்டறை சட்டத்திற்கு வெளியே நிற்கலாம். பெல்ட்டுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆகவே சங்கம் தானே வேலியிட்டு, யந்திரத்திற்கு ஒருவரைப் பெயர் குறித்துப் பொறுப்பாளராக நியமித்தல் வேண்டும். அவர் தினமும் சோதித்துப் புத்தகத்தில் கையெழுத்திடட்டும். கையெழுத்தில்லாத நாளில் சம்மட்டி ஓடலாகாது என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானித்துவிட்டால், கூலி குறைகிறதென்று எவரும் அவரை அவசரப்படுத்த இயலாது.