ஊர்க் கணக்கு - 9: கண்மாய்க்கு டேப் உண்டு, மாசி வீதிக்கு?

கிராம சபையில் தீர்மானம் போடுவது சுலபம். வந்த பணம் எங்கே போனது என்று பார்ப்பதுதான் பெரும்பாடு. அதற்கும் ஒரு வழி இருந்தது. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-வது பிரிவு, நடந்த வேலைகளைக் கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டும் என்றது. ஊரில் இதை ‘சோசியல் ஆடிட்’ என்பார்கள்.

மதுரையைச் சுற்றிய கண்மாய்க் கிராமங்களுக்கு ஆடிட் குழு வந்தால், வந்தவர்கள் வேற்று ஊராட்சிக்காரர்களாக இருப்பார்கள். சொந்த ஊராட்சியைத் தணிக்கை செய்ய அனுமதி இல்லை. வீடு வீடாகப் போய் வேலை அட்டையையும் பேங்க் பாஸ்புக்கையும் வாங்கி, வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். அப்புறம் வரத்துக்காலில் இறங்கி டேப் பிடிப்பார்கள். எம்-புக் என்ற அளவைப் புத்தகத்தில் எழுதிய நீளமும் ஆழமும் தரையில் இருக்கிறதா என்ற சோதனை அது. இதில் ஒரு சங்கடம்: ஐப்பசி மழை அடித்துவிட்டால் வெட்டிய பள்ளம் தூர்ந்துபோகும். “மழைக்கு முன்னாடி நல்லா வெட்டித்தாங்க இருந்துச்சு” என்று சொல்லிவிட்டால் யார் மறுக்க முடியும்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று கெடு வைத்தது வெறும் சடங்குக்காக இல்லை.

பெயர்ப் பட்டியல் மழையில் கரையாது. சிறப்பு கிராம சபையில் அதை உரக்க வாசிக்கும்போது, செத்தவர் பெயரில் கூலி ஏறியிருந்தால் கண்டுபிடிக்க ஆடிட்டர் எதற்கு? முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி போதும். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானாவில் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராய் குழுவினர் நடத்திய பொது விசாரணையும் இதே சூட்சுமத்தில்தான் நடந்தது.

குறை இல்லாமல் இல்லை. கையாடல் என்று கண்டுபிடித்த பணத்தைத் திரும்ப வசூலிப்பதில் நாடு முழுக்க மந்தம்தான். 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபின், செலவழிப்பதும் அதிகாரி, பதில் சொல்வதும் அதிகாரி என்றானது. ஆனாலும் கிராமத்துக்கு இந்த அளவாவது இருந்தது.

மாசி வீதிகள் இருக்கும் மதுரை மாநகரத்துக்கு என்ன இருக்கிறது? 2022-ல் சொத்து வரி உயர்ந்தபோது 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கே 25 சதவீதம் ஏறியது. முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். அதே காலத்தில் அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி, வணிகக் கட்டடங்கள் பலவற்றின் வரியைக் குறைத்ததாகப் புகார் கிளம்பியது. 2024-ல் மாநகராட்சி ஆணையரே போலீஸுக்குப் போனார். 2025-ல் கைதுகள் நடந்தன. ஜூலையில் மண்டலத் தலைவர்களும் அக்டோபரில் மேயரும் ராஜினாமா செய்தார்கள். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

என் கேள்வி வேறு. நூறு வார்டு, நூறு கவுன்சிலர் இருந்தும் இது ஏன் முதலிலேயே பிடிபடவில்லை? மூன்று மாடி லாட்ஜுக்கு வீட்டு வரி போட்டிருந்தால், எதிர்த்த டீக்கடைக்காரருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அவர் கண்ணில் அந்தப் பட்டியலை யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். கிராம சபை போல நகரத்துக்கு ஏரியா சபைகள் 2022 நவம்பர் 1-ல் தொடங்கின. அங்கே சாக்கடையும் தெருவிளக்கும் பேசுகிறோம்; கணக்கு வாசிக்கச் சொல்வதில்லை.

வரி அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிறோம். பட்டியலையும் அரையாண்டுக்கு ஒருமுறை தெருவில் வாசிக்கட்டும். அடுத்த ஏரியா சபையில், உங்கள் தெருவில் எந்தக் கட்டடம் குடியிருப்பு, எது வணிகம், எதற்கு எவ்வளவு வரி என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால், அந்த ‘முடியாது’வை மினிட் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டு எழுந்திருங்கள்.