வீட்டுக் கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் படம்: ஏஐ உதவியாளரை எர்த் இன்ஜினுடன் இணைப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் கூகுள் எர்த்தில் உங்கள் ஊரைத் தேடிப் பார்த்திருப்பீர்கள். வீட்டின் மாடி, தெருமுனை, கோயில் குளம் எல்லாம் தெரியும். ஆனால் "போன வெள்ளத்தில் எங்கள் வயலில் தண்ணீர் நின்றதா?" என்று அதனிடம் கேட்க முடியாது. அது படம் காட்டுமே தவிர கணக்குப் போடாது.

கணக்குப் போட்டுத் தருவது கூகுள் எர்த் இன்ஜின் என்ற இன்னொரு சேவை. 2010-ல் அறிமுகமான இதில், 1972 முதல் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களும், 2014 முதல் ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் எடுத்துவரும் தகவல்களும் சேமிக்கப்பட்டுள்ளன. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு, குறிப்பிட்ட அளவு வரை, கட்டணம் இல்லை. இதைப் பயன்படுத்த புரோகிராம் எழுதத் தெரிய வேண்டும் என்பதுதான் இதுவரை சிக்கலாக இருந்தது. இப்போது அந்த வேலையை ஏஐ உதவியாளரிடம் ஒப்படைக்கலாம்.

யார் என்ன வேலை செய்கிறார்கள்?

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவரைப் பார்த்திருப்பீர்கள். நாம் விஷயத்தைச் சொல்வோம். ஆபீஸில் ஏற்கும் முறையில் அவர் எழுதித் தருவார். பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பதில் தருவது ஆபீஸ்தான்.

இங்கே மனு எழுதுபவர் ஏஐ உதவியாளர். கிளாட் கோட், கிட்ஹப் கோபைலட் போன்றவை இந்த வகை. ஆபீஸ், எர்த் இன்ஜின். மனு என்பது பைதான் மொழியில் எழுதப்படும் புரோகிராம். படங்கள் கூகுளின் சர்வரிலேயே இருக்கும், கணக்கும் அங்கேயே நடக்கும். உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவது ஒரு சிறிய வரைபடமோ சில எண்களோதான். எனவே பெரிய ஹார்ட் டிஸ்க்கோ விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டோ தேவையில்லை.

இணைக்கும் வழி

1. உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, கூகுள் கிளவுடில் புதிய பிராஜெக்ட் ஒன்றை உருவாக்கவும்.

2. அந்தப் பிராஜெக்டில் எர்த் இன்ஜினை இயக்கி, வணிக நோக்கமற்ற பயன்பாடு என்று பதிவு செய்யவும். சில கேள்விகள் கேட்கப்படும். உண்மையான பதிலைத் தரவும்.

3. கம்ப்யூட்டரில் பைதானையும் ஏஐ உதவியாளரையும் நிறுவவும். இந்த வேலைக்கென்று தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, உதவியாளரை அதற்குள்ளிருந்து இயக்கவும்.

4. "எர்த் இன்ஜினுக்கான பைதான் தொகுப்பை நிறுவி, என் பிராஜெக்டுடன் இணை" என்று கேட்கவும். தமிழிலேயே கேட்கலாம். தேவையான கட்டளையை உதவியாளர் திரையில் காட்டி அனுமதி கேட்கும். படித்துப் பார்த்து அனுமதிக்கவும். பிறகு பிரவுசர் திறந்து உங்கள் கூகுள் கணக்கின் ஒப்புதலைக் கேட்கும்.

எம்சிபி என்ற இன்னொரு வழியும் உண்டு. ஏஐ உதவியாளர்களை வெளிச் சேவைகளுடன் இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பொது விதிமுறை இது. ஆனால் எம்சிபி சர்வர்களை யார் வேண்டுமானாலும் எழுதி வெளியிடலாம். எழுதியவர் யார் என்று தெரியாத சர்வரிடம் உங்கள் கணக்கைத் திறந்துவிட வேண்டாம். புதியவர்களுக்கு மேலே சொன்ன வழியே போதும்.

முதல் சோதனை

இணைப்பு சரியா என்று பார்க்க, பதில் முன்கூட்டியே தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். கொற்கையை எடுத்துக்கொள்வோம். பாண்டியரின் பழைய துறைமுகமான இவ்வூர், தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் விலகிப்போய், இன்று சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அட்சரேகை சுமார் 8.64, தீர்க்கரேகை சுமார் 78.06.

"இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்? 2000-ல் விண்வெளி ஓடம் எடுத்த உயர அளவைப் பயன்படுத்து" என்று கேட்கவும். சில மீட்டர் என்று வந்தால் சரி. பதிலே வராவிட்டால் இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கலாம். எர்த் இன்ஜின் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மாற்றிக் கொடுத்தால் கொற்கை வட துருவத்துக்கு அருகேயுள்ள கடலில் போய் விழும்!

வெள்ளத்தைத் தேடுவோம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. ஏரல் சுற்றுவட்டாரம் வெள்ளக்காடானது.

மழை நாளில் சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் மேகம்தான் தெரியும். சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும். அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு திசையில் திருப்பிவிடுவதால், தண்ணீர் நிற்கும் இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். எனவே இப்படிக் கேட்கவும்:

"கொற்கையைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள், 2023 டிசம்பர் 17-க்கு முன்னும் பின்னும் எடுத்த சென்டினல்-1 படங்களை ஒப்பிட்டு, புதிதாகத் தண்ணீர் நின்ற இடங்களை நீல நிறத்தில் காட்டு. ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட தேதியையும் சொல்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சென்டினல்-1 வரிசையில் இரண்டாவது செயற்கைக்கோள் 2021 டிசம்பரில் பழுதாகிவிட்டது. 2023-ல் ஒன்றே ஒன்றுதான் இயங்கியது. ஒரே பாதையில் அது திரும்பி வர 12 நாட்கள் ஆகும். அதற்குள் உங்கள் வயலில் நின்ற தண்ணீர் வடிந்திருக்கலாம். படத்தில் நீலம் இல்லை என்பதால் வெள்ளமே வரவில்லை என்று முடிவு செய்யக் கூடாது.

நீலமெல்லாம் வெள்ளமும் அல்ல. பிசான நெல்லுக்குத் தண்ணீர் கட்டிய வயலும், நிரம்பிய குளமும், கடலோர உப்பளமும் ரேடாருக்கு ஒன்றுபோலவே தெரியும். உதவியாளரோ இதையெல்லாம் யோசிக்காமல் "இத்தனை ஏக்கர் மூழ்கியது" என்று உறுதியாகச் சொல்லிவிடும். படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். பத்து சென்ட் நிலத்துக்கு நான்கே புள்ளிகள். ஊர் அளவில் பார்க்க இது நன்றாக உதவும். ஒரு சிறு வயலுக்கு இதை மட்டும் நம்ப முடியாது. நிவாரணத்துக்கோ பயிர்க் காப்பீட்டுக்கோ மனு செய்யும்போது இதைக் கூடுதல் ஆதாரமாகக் காட்டலாமே தவிர, வருவாய்த் துறையின் கணக்கெடுப்புக்கு இது மாற்று அல்ல.

சரிபார்க்க ஒரு எளிய வழி: வெள்ளத்தில் மூழ்கியதாக உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தையும், மூழ்காத மேட்டுப் பகுதி ஒன்றையும் முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக வந்தால் மற்ற இடங்களை நம்பலாம். இஸ்ரோ 2009-ல் தொடங்கிய புவன் தளத்தின் வரைபடத்தைத் திறந்து, எது குளம், எது வயல் என்பதையும் ஒப்பிடலாம்.

கவனிக்க வேண்டியவை

* பாஸ்வேர்டையோ ரகசியச் சாவி உள்ள ஃபைலையோ உதவியாளரின் உரையாடலில் ஒட்ட வேண்டாம். பிரவுசரில் ஒப்புதல் தரும் முறையே பாதுகாப்பானது.

* "எப்போதும் அனுமதி" என்ற பட்டனைத் தவிர்க்கவும். ஃபைல்களை அழிக்கும் கட்டளையோ தொடர்பில்லாத ஃபோல்டரைத் திறக்கும் கட்டளையோ வந்தால் மறுத்துவிடவும்.

* இந்த முயற்சிக்காகப் பிராஜெக்டில் கிரெடிட் கார்டு எண்ணைச் சேர்க்க வேண்டியதில்லை.

* எழுதப்பட்ட புரோகிராமைச் சேமித்து வைக்கவும். அடுத்த மழையின்போது தேதியை மட்டும் மாற்றி மீண்டும் இயக்கலாம்.

கொற்கை இருந்த இடத்தில் உங்கள் ஊரின் எண்களைக் கொடுத்து, முதலில் உயரச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.