அட்டைப்பட ஓவியரின் துணிவு

சஞ்சிகைச் சித்திரந்தானே என்று நாம் எளிதிற் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அமெரிக்க ஓவியர் நோர்மன் றொக்வெல் 1916 முதல் 1963 வரை ‘சற்றர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழுக்கு 300க்கும் மேற்பட்ட அட்டைப்படங்கள் தீட்டினார். கறுப்பினத்தவரைப் பணியாளராக மட்டுமே காட்டலாம் என்பது அவ்விதழின் நியதி எனப் பின்னாளில் அவரே கூறினார்.

அதைவிட்டு விலகியபின், 1964இல் ‘லுக்’ சஞ்சிகையில் அவர் வரைந்த சித்திரமே வேறு. 1960இல் நியூ ஓர்லியன்சில் வெள்ளையர் பாடசாலையிற் சேர்ந்த ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி றூபி பிரிட்ஜஸ் அதிலே வெண்ணிற ஆடையுடன் நடக்கிறாள். முன்னும் பின்னும் நான்கு காவலர். அவர்தம் தலைகள் படத்தில் இல்லை. சுவரிலே எறிந்த தக்காளியின் கறை. எறிந்த கூட்டத்தைக் காணோம். அது நின்ற இடத்தில் நின்று பார்ப்பவர் நாமே!

வாசகர் சிலர் சினந்து எழுதினர். எழுபதை எட்டும் வயதில், தேடிய புகழைப் பணயம் வைத்த அக்கலைஞரை நாம் போற்றாதிருத்தல் இயலுமா?