மௌனத்தால் அறும் இணைப்பு

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது பழமொழி. மனிதரிடையே இது ஓரளவு பொருந்தக்கூடும். கணினிகளிடையே அப்படிக் கொள்வதால் விளையும் இடர் பெரிது.

ஓர் அலுவலகத்து எழுதுவினைஞர், வேற்றூரிலுள்ள சேவையகத்தின் கோப்பொன்றைத் தம் கணினியில் திறந்து முற்பகல் முழுவதும் எழுதுகிறார். மதிய உணவுக்குச் சென்று ஒரு மணி நேரத்தின் பின் திரும்புகிறார். எழுதியதைச் சேமிக்க முற்படுகையில் திரை உறைந்து நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் தோன்றவில்லை. பொறுமையிழந்தவர் மின்னை நிறுத்தி மீண்டும் இயக்குகிறார். கணினி உயிர் பெறுகிறது. முற்பகல் உழைப்போ போய்விடுகிறது. இணைப்பை எவரும் துண்டிக்கவில்லை, சேவையகமும் பழுதாகவில்லை. அவ்வாறாயின் நிகழ்ந்தது யாது?

லினக்ஸ் கணினிகளில் தொலைவிலுள்ள கோப்புகளைத் தம் வட்டிலுள்ளவை போலக் கையாளுதற்கு எஸ்.எஸ்.எச்.எவ்.எஸ். என்னும் மென்பொருளைப் பலர் பயன்படுத்துகின்றனர். பின்லாந்தில் 1995ஆம் ஆண்டில் உருவான எஸ்.எஸ்.எச். என்னும் காப்பான தொடர்பு முறையின் மீது இது இயங்குகிறது. அதற்கும் அடியில் இருப்பது ரி.சி.பி. நெறிமுறை. 1981ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டில் திருத்தித் தொகுக்கப்பட்ட இந்நெறிமுறையின் இயல்பொன்று ஈண்டுக் கருதத்தக்கது. அனுப்புதற்குச் செய்தி இல்லாதபோது இரு முனைகளும் வாளாவிருக்கும். அவற்றிடையே நிரந்தரக் கம்பி எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. ‘மறுமுனை இருக்கிறது’ என்று ஒவ்வொரு முனையும் தன் நினைவில் வைத்திருக்கும் குறிப்பே இணைப்பு எனப்படுவது.

இரு முனைகளுக்கும் இடையில் றூட்டர், தீச்சுவர் ஆகிய காவற் கருவிகள் உள்ளன. வாயிற்காப்போன் தன் குறிப்பேட்டில் உள்ளே சென்றோரின் பெயரை எழுதிவைப்பது போல, இவையும் நடப்பிலுள்ள இணைப்புகளை அட்டவணையிற் பதிந்து வைக்கின்றன. அட்டவணையில் இடம் அளவானது. ஆதலின் நெடுநேரம் அசைவற்றிருக்கும் இணைப்பின் பதிவை இவை அழித்துவிடுகின்றன. அழித்ததை இரு முனைகளுக்கும் பெரும்பாலும் அறிவிப்பதில்லை. பின்னர் வரும் பொதிகளை, அறிமுகமற்றவை எனக் கருதி ஓசையின்றி எறிந்துவிடுகின்றன. எழுதுவினைஞரின் கணினி மறுமொழிக்காக மீண்டும் மீண்டும் பொதிகளை அனுப்பிக் காத்திருக்கிறது. இந்தக் காத்திருப்பே திரையின் உறைவு. லினக்ஸின் வழக்கமான அமைப்பில், இணைப்பு இறந்துவிட்டதென முடிவு செய்ய ஏறக்குறைய 15 நிமிடங்கள் செல்லும்.

மறுமுனை உயிருடன் உள்ளதா எனத் தட்டிப் பார்க்கும் வழியொன்று ரி.சி.பி.யில் இல்லாமலில்லை. எனினும், அதன் வழக்கமான இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையலாகாதென 1989ஆம் ஆண்டின் இணைய விதியொன்று வகுத்தது. காவற் கருவிகள் ரி.சி.பி. இணைப்பின் பதிவை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் அழித்தலாகாதென 2008ஆம் ஆண்டின் விதியொன்று கூறிற்று. எல்லாக் கருவிகளும் இதற்கு ஒழுகுவதில்லை. அரை மணியில் மறக்கும் காவலாளியிடம் இரண்டு மணி கழித்துத் தட்டுவதாற் பயன் என்ன?

ஆகவே, நோயை அறியும் முறை காலத்தை அளப்பதாகும். இணைப்பை 5, 10, 20, 40 நிமிடங்கள் எனத் தனித்தனியே ஓய்வில் விட்டுப் பார்க்க வேண்டும். குறித்த ஓர் எல்லையைத் தாண்டும்போதெல்லாம் உறையுமாயின் இடைக்கருவியின் மறதியே காரணமெனப் பெரிதும் ஐயுறலாம். உறைந்த வேளையில் வேறொரு கணினியிலிருந்து அதே சேவையகத்தை அணுக முடிகிறதா என்பதையும் நோக்க வேண்டும். முடியுமாயின் சேவையகம் நலமே. பழைய இணைப்பு மட்டுமே பட்டுவிட்டது. சில நொடிகள் மாத்திரம் தயங்கிப் பின்னர் இயங்குமாயின், உறங்கிய வன்வட்டு விழித்தெழும் தாமதமாக அது இருக்கலாம். விண்டோஸ் சேவையகங்கள் 15 நிமிட ஓய்வின்பின் தாமே இணைப்பை முறைப்படி முடிப்பது வேறு. அது அடுத்த பயன்பாட்டில் பெரும்பாலும் விரைவில் மீண்டும் இணையும்.

மருந்து எளிது. எஸ்.எஸ்.எச்.எவ்.எஸ். இணைப்பை ஏற்படுத்தும்போது ‘சேவர் அலைவ் இன்ரர்வல்’ என்னும் அமைப்பை 15 நொடி என இடுமாறு அம்மென்பொருளின் கையேடே பரிந்துரைக்கின்றது. இதனால் 15 நொடி மௌனம் நேருந்தோறும் ‘இருக்கிறீரா?’ என்னும் சிறு வினா செல்லும். காவலாளியின் பதிவும் புதுப்பிக்கப்படும். மூன்று வினாக்களுக்கு விடை வாராவிடின் இணைப்பு முடிந்ததாகக் கொள்ளப்படும். உறைவுக்குப் பதிலாகப் பிழைச் செய்தி கிட்டும். ‘ரீகனெக்ட்’ என்னும் அமைப்பையும் சேர்த்தால் இணைப்புத் தானே மீளும். ஆயினும் முன்னர் திறந்திருந்த கோப்புகளை மீண்டும் திறந்தே ஆக வேண்டும்.

மருந்திடும் முன்னரே திரை உறைந்துவிட்டால் கணினி முழுவதையும் நிறுத்துதல் தகாது. பின்னணியில் இயங்கும் எஸ்.எஸ்.எச். செயலை மட்டும் முடித்துவிட்டால், காத்திருந்த எழுதும் மென்பொருளுக்குப் பிழைச் செய்தி கிடைக்கும். அது பெரும்பாலும் மீண்டும் அசையத் தொடங்கும். அப்போது எழுதியதை வேறு பெயரில் தம் கணினியின் வட்டிலேயே சேமித்துக்கொள்ளலாம். அந்த எழுதுவினைஞர் இதனை அறிந்திருந்தால் அவரது முற்பகல் பெரும்பாலும் மீண்டிருக்கும்.

மேசையை விட்டு எழுமுன் சேமித்தல் நல்ல பழக்கம். உறவு நிலைபெற இடையிடையே ஒரு சொல் வேண்டுமென்பதை மாந்தர் நெடுங்காலமாக அறிவர். கணினிகளுக்கும் அந்த ஒரு சொல்லைக் கற்பித்துவிட்டால், மௌனத்தை எவரும் பிழையாகப் பொருள் கொள்ள நேராது.